சோறு சுமந்த எறும்புகள்

கடல் ஊருக்குள் ஏறி வந்து போய் இரண்டு மழைக்காலம் கழிந்திருந்தது. மருதமுனையில், கடலை நோக்கிப் போகும் ஒழுங்கை ஒன்றின் முடிவில், தகரம் அடித்த கொட்டிலில் நான் பாலர் பாடசாலை நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது. கொட்டிலுக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் வீடுகள் நெருங்கி இருந்த இடத்தில், இடிந்த சுவர்களும் உப்புக் கிணறுகளும்தான் மிஞ்சியிருந்தன. அந்தப் பக்கம் இனி யாரும் வீடு கட்டக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். அத்திவாரங்களுக்கு மேல் எருக்கலையும் அடம்பன் கொடியும் ஏறிக் கிடந்தன. அதற்கப்பால் கடல்.

பிள்ளைகள் வெளியே வரமாட்டார்கள். எல்லாம் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள், கடலில் வீடிழந்தவர்களின் முகாமிலிருந்து வருகிறவர்கள். கொட்டிலுக்குள் பாடுவார்கள், சண்டை பிடிப்பார்கள். “வெளிய போவமா?” என்று கேட்டால் மட்டும் மேற்கு மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்வார்கள். காற்று தகரத்தில் அடித்தால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

அவர்களை வெளியே கொண்டுவந்தது குழியானைதான். கொட்டிலின் இறக்கத்துக்குக் கீழே மழை படாத பொடி மணலில், புனலை வைத்து அழுத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் கிடந்தன. ஒரு நாள் காலையில் நான் வாசலில் குந்திக்கொண்டு, ஈர்க்குத் துண்டால் ஒரு குழியின் ஓரத்தை மெல்லச் சுரண்டினேன். யாரையும் கூப்பிடவில்லை. அடியில் ஒளிந்திருந்த பூச்சி, எறும்பு விழுந்துவிட்டதென்று எண்ணி, தலையால் மணலை அள்ளி எறிந்தது. எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

“அது ஏன் டீச்சர் மண் எறியிது?”

“ஆரோ வீட்டுக்குள்ள வாறாங்க எண்டு நினைக்கிது.”

அந்தக் கிழமை முடியுமுன் எல்லாப் பிள்ளைகளும் வெளியே முழங்காலில் நின்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் வெறும் ஜாம் போத்தல்களுக்கு மூடியில் ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தோம். எருக்கலை இலைக்கடியில் வரி வரியான புழுக்களைக் கண்டோம். அவை பச்சைக் கூடாகித் தொங்கியதையும், பிறகு அதிலிருந்து வண்ணாத்திப்பூச்சி ஈரச் சிறகோடு இறங்கியதையும் பார்த்தோம். கும்பிடுபூச்சியைக் கண்ட ஒரு பிள்ளை, “இது துஆக் கேக்குது” என்று தானும் இரண்டு கையையும் ஏந்தினான். எறும்பைக் கொல்லக்கூடாதென்று ஓதப்பள்ளியில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் எறும்புச் சாரியைக் கண்டால் எல்லாரும் கால் உயர்த்திக் கடப்பார்கள். பிடித்ததையெல்லாம் திரும்பும்போது விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

எனக்கு இது பெரிய சந்தோசம். மற்றவர்களுக்கு அப்படி இருக்கவில்லை என்பது சுணங்கித்தான் தெரிந்தது.

முதலில் கேட்டவ, முகாமில் தையல் மெசின் வைத்திருந்த ஒரு தாய். கையேந்திய பிள்ளையின் உம்மா. மகனைக் கூட்டிப்போக வந்தவ, என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தபடி நின்றா.

“டீச்சர், அந்தப் பக்கம் என்னத்தத் தேடுறீங்க?”

“பூச்சி பார்க்கிறம்.”

“பூச்சி இஞ்சயும் இரிக்குதானே. கடலோட மௌத்தாப்போன ஆக்களுட வளவுக்குள்ளதான் இரிக்கா?” கொஞ்சம் பொறுத்து, “உங்கட வீடு ரோட்டுக்கு மேற்கால. உங்களுக்கு ஒண்டும் போகல்ல. அதான் பயமில்ல,” என்றா.

இடிந்த வீடுகளுக்குள் நகை புதைந்து கிடக்கிறதென்று ஊரில் ஒரு கதை இருந்தது. சின்னக் கைகளால் கிளறினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் நான் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேனாம். இதை எனக்கு என் உம்மாவே வந்து சொன்னா, சொல்லிவிட்டு என் முகத்தையும் பார்த்தா.

ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் இடத்தில் ஆமியின் காவலரண் இருந்தது. கடற்கரைக்கு ரோந்து போகிறவர்கள் எங்களைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு நாள் அவர்களில் ஒருவன் நின்று, ஒரு பிள்ளையின் போத்தலை வாங்கி, வெயிலுக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே ஒரு பொன்வண்டு இருந்தது. மூடியைத் திறந்தான், மோந்தான், திரும்பக் கொடுத்தான்.

“ஏன் இந்தப் பக்கம் வாறது?” என்று உடைந்த தமிழில் கேட்டான்.

“பிள்ளைகளுக்குக் காட்ட.”

“என்ன காட்ட?”

அதற்குப் பிறகு நாங்கள் எங்கே குந்தினாலும், போகிற போக்கில் அந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்படியான காலம் அது. சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. பெரியநீலாவணைப் பக்கம், அதாவது அடுத்த ஊரில், தமிழ்ப் பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று கதை வரும். எந்த இயக்கம் என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். இன்னார் காணாமல் போனார் என்பதோடு கதை நின்றுவிடும்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது சமைக்கிறவ மேல்.

பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறும் பருப்பும், சில நாள் அவித்த பயறும் கொடுப்போம். சாமான் நிவாரணத்தில் வரும். சமைக்க வந்தவ என்னைவிட மூத்தவ. ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவட மாப்பிள்ளையைக் கடல் கொண்டுபோயிற்று. ஒரு மகள், என்னிடமே படித்தாள். இரண்டு பேரும் முகாமில், பலகையால் பிரித்த ஒரு அறையில் இருந்தார்கள். அடுத்த அறையில் இருமினால் இங்கே கேட்கும்.

சோறு குறைந்துகொண்டு வந்தது. அதே அரிசிதான் போடுவா, ஆனாலும் பிள்ளைகளுக்கு இரண்டாம் தரம் கொடுக்கச் சட்டியில் இராது. எல்லாரும் போன பிறகு, சட்டி கழுவப் போகிறேன் என்று, சட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கக் கிணற்றுக்குப் போவா. வெறும் சட்டிக்கு ஏன் மூடி என்று நான் யோசித்தேன். விற்கிறாவோ என்றும் யோசித்தேன். கேட்க வாய் வரவில்லை. மாப்பிள்ளை இல்லாத பொம்பிளையிடம் சோற்றுக் கணக்கா கேட்பது?

இடிந்த வளவுகளில் ஒன்று அவர்களுடையது. முன் சுவர் விழுந்து, பின்னறை மட்டும் கூரையோடு நின்றது. வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கே திரும்பினால் ராத்தாவின் மகள் ஓடிவந்து என் சட்டையைப் பிடிப்பாள். “அங்க பூச்சி ஒண்டும் இல்ல டீச்சர். பாம்பு இரிக்கு.” வாப்பாவின் நினைவு வருகிறதாக்கும் என்று நான் வேறு பக்கம் கூட்டிப்போவேன்.

ஒரு நாள், நான் தடுக்குமுன் பிள்ளைகள் எறும்புச் சாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். “டீச்சர், எல்லாத்துட வாயிலயும் வெள்ளையா இரிக்கு” என்று தையல்காரத் தாயின் மகன் கத்தினான். குனிந்து பார்த்தேன். சோறு. காய்ந்து போகாத சோற்றுத் துணுக்குகள், நடுநடுவே பயற்றுத் தோல். மனிசர் இல்லாத இடம், காகம்கூட வராது. இது எங்கிருந்து வருகிறதென்று பார்ப்போம் என்று அவர்கள் வரிசையாய்க் குனிந்து நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். சாரி ஒரு கிணற்றைச் சுற்றி, அடம்பன் கொடிக்குள் நுழைந்து, ராத்தாவின் பின்னறைச் சுவரில் ஏறித் தகரத்தின் கீழ் இடுக்குக்குள் போனது.

அப்போது ராத்தாவின் மகள் எங்களை முந்திப் போய், சாரியின் மேல் அப்படியே குந்தினாள். உள்ளங்கையால் எறும்புகளைத் தேய்த்தாள். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை, சாரி அழியும் வரை. கையில் கடித்துத் தொங்கியவற்றைக்கூட உதறவில்லை.

“கொல்லுறாள், டீச்சர், எறும்பக் கொல்லுறாள்” என்று மற்றவர்கள் அழத் தொடங்கினார்கள். அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. தகரத்துக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. நாய் அல்ல. நாய் என்றால் நகர்ந்த பிறகும் சத்தம் இருக்கும். இது, நகர்ந்ததும் மூச்சை அடக்கியது.

நான் பிள்ளைகளைத் திருப்பி, பாட்டுப் பாடவைத்துக் கூட்டிவந்தேன். துவக்கோடு யாராவது இருந்தால்? பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்? கூடப்பிறந்த மூத்தவர், என் காக்கா, பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்தார். அவரிடம் சொன்னால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஊருக்கே தெரியும், ஊருக்குத் தெரிந்தால் காவலரணுக்கும் தெரியும். முதலில் ராத்தாவிடமே கேட்பதென்று முடிவெடுத்தேன்.

பிள்ளைகள் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். அவ சட்டிக்குச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தா.

“ராத்தா, உங்கட வளவுக்குள்ள ஆரு இரிக்கிற?”

“எனக்கெங்கால வளவு? அதான் கடல் எடுத்திட்டே.”

“எறும்பு சோறு தூக்கிட்டுப் போகுது.”

சட்டியைக் கீழே வைத்தா. அதுவரை நீங்கள் என்று கதைத்தவ, “உன்ன ஆரு அனுப்பின?” என்றா.

“என்ன ஆரும் அனுப்பல்ல.”

“பொய் சொல்லாத கா. புள்ளைகளுட கையில போத்தலக் குடுத்து, ஒவ்வொரு வளவா, ஒவ்வொரு மூலையா வாறாய். பூச்சி பார்க்க ஆராவது இப்பிடி வருவாங்களா? ஆமிக்காரன் ஒருத்தரையும் அந்தப் பக்கம் விடுறல்ல, உன்ன மட்டும் விடுறான். நான் எத்தின நாளா உன்னப் பார்த்திட்டு இரிக்கன் தெரியுமா?”

நான் அவவைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவ என்னை வேவுக்காரி என்று நினைத்திருக்கிறா. என் சட்டிக் கணக்கும் அவட போத்தல் கணக்கும் ஒரே கொட்டிலுக்குள் நடந்திருக்கிறது.

“காட்டிக் குடுக்கிறவள் உங்களோட வந்து கதைப்பாளா?” என்று கேட்டேன்.

“அப்பிடியும் கதைப்பாங்க.”

வாசலில் மகள் வந்து, வீங்கின உள்ளங்கையை உம்மாவிடம் நீட்டினாள். ராத்தா அதைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. தண்ணீரில் கையைக் கழுவிவிட்டபடி, என்னைப் பாராமலே சொல்லத் தொடங்கினா.

உள்ளே இருப்பது ஒரு பெட்டை. பெரியநீலாவணையில் மீன் விற்கிற ஒரு தமிழ்ப் பொம்பிளையின் மகள். அவளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டுபோய், தலைமயிரைக் கட்டையாய் வெட்டியிருந்தார்கள். எப்படியோ தப்பி வந்துவிட்டாள். அந்தத் தலையோடு எங்கே போனாலும் பிடிபடுவாள். பிடித்துக்கொண்டு போனவர்கள் ஒரு பக்கம் தேட, ஆமி மறுபக்கம் பிடிக்கும். ஒரு பொழுதுபடுகிற நேரம் தாய்க்காரி அவளை ராத்தாவிடம் கொண்டுவந்து, “திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிரி” என்று விட்டுப்போனா. திங்கள் வந்தது. தாய் வரவில்லை. தன் வீட்டைச் சுற்றி ஆள் நின்று பார்ப்பதாக மட்டும் வேறு ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தா.

“உங்களுக்கு அவ அவ்வளவு பழக்கமா ராத்தா?”

“பழக்கமா? சந்தைக்குள்ள அவளும் நானும் புடிக்காத சண்டையில்ல. பழுதான மீனத் தலையில கட்டினவள்.” கொஞ்சம் யோசித்து, “கொண்டுவந்து விட்டா. நான் என்னெண்டு கா போகச் சொல்லுற?” என்றா.

அந்தப் பெட்டைக்கும் ராத்தாவில் நம்பிக்கை இல்லையாம். சோற்றை வைத்தால், முதலில் ராத்தா ஒரு பிடி தின்ன வேண்டும். பிறகுதான் தொடுவாள்.

இரண்டொரு நாளில் பிள்ளைகள் வீட்டில் கதை சொல்லிவிட்டார்கள். இடிந்த வீட்டுக்குள் ஜின் இருக்கிறது, எறும்பு அதற்குச் சோறு கொண்டுபோகிறது என்று. அது ஒரு வகையில் நல்லதாய்த்தான் போயிற்று, பெரியவர்களும் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். ஆனால் கதை காவலரணுக்கும் போய்விட்டது. போத்தலை மோந்து பார்த்தவன் ஒரு காலை நேரம் கொட்டில் வாசலில் வந்து நின்றான்.

“எறும்பு சோறு தூக்கிறது எங்க?” என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டான்.

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது. நான் வாய் திறக்குமுன் ராத்தாவின் மகள் எழும்பினாள். “இஞ்ச” என்றாள். அடுப்படியின் பின்பக்கம் அவனைக் கூட்டிப்போனாள். அங்கே சோற்றுக் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் என்றைக்கும் எறும்பு இருக்கும். அன்றும் இருந்தது, வாயில் வெள்ளையோடு. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மற்றப் பிள்ளைகள் இங்கேயும் எறும்பு இருக்கிறதே என்று சுற்றி நின்று பார்த்தார்கள்.

அவன் குனிந்து கனநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து சட்டியைப் பார்த்தான், ராத்தாவைப் பார்த்தான், கடைசியாய் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. போய்விட்டான். அவன் நம்பினானா, நம்பினதாகக் காட்டினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி வைத்திருக்க ஏலாது. இறக்காமத்தில், உள்ளே வயல் பக்கம், ராத்தாவின் தங்கச்சி இருந்தா. அங்கே கொண்டுபோய்விடலாம் என்றா. காவலரணைக் கடப்பதுதான் பிரச்சினை. பிள்ளைகளோடு பூச்சி பார்க்கப் போகிற மாதிரி, அவளையும் ஒரு டீச்சராக்கிக் கூட்டிப்போவோம் என்று நான் சொன்னேன். ராத்தா ஒரேயடியாய் மறுத்தா. “புள்ளைகள முன்னுக்கு விட்டு ஒண்டும் செய்யப்படாது. இயக்கம் பிடிக்கிறதும் புள்ளைகளத்தானே, நாமளும் அதச் செய்யிறதா?”

கடைசியில், பாடசாலை விடும் நேரத்தைத் தெரிந்தெடுத்தோம். தாய்மார் எல்லாரும் வந்து, பிள்ளைகளோடு ஒன்றாய் ஒழுங்கையால் திரும்புகிற நேரம். அன்றைக்கு ராத்தா சமைத்துவிட்டு முந்திப் போய்ப் பெட்டையைக் கூட்டிவந்து அடுப்படியில் வைத்திருந்தா. நான் அவளை அப்போதுதான் கண்டேன். மெலிந்த பிள்ளை. என் கறுப்பு ஹபாயாவைப் போட்டு, தலைமுந்தானையை நெற்றி வரை இழுத்துக் குத்திவிட்டேன். ஊசி பிடித்த என் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய்மார் வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ராத்தாவும், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டையும் இறங்கினார்கள். முகாமில் ஒருத்தியை ஒருத்தி நடையில் தெரியும். ஒரு ஆள் கூடுதலென்று எல்லாருக்கும் விளங்கியிருக்கும். கதை நின்றது. நான் கொட்டில் வாசலில் நின்று, யாராவது ஒருத்தி “இது ஆரு?” என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்பதானால் தையல்காரத் தாய்தான் கேட்பா. அவ திரும்பி அந்தப் பெட்டையை மேலும் கீழும் பார்த்தா. பிறகு மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில், காவலரண் இருக்கிற பக்கமாய் வந்து நடக்கத் தொடங்கினா. மற்றவர்களும் நடந்தார்கள். மீன் விலையோ என்னவோ கதைத்துக்கொண்டு போனார்கள். ஒழுங்கை முடிவில் அவர்கள் வீதியில் ஏறித் திரும்பும் வரை பார்த்தேன். ஒருவரும் மறிக்கவில்லை.

அடுத்த நாள் தையல்காரத் தாய் மகனை விடும்போது, “டீச்சர், இண்டைக்கும் பூச்சி பார்க்கப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டா. போகிறோம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனா.

சண்டை முடியும் வரை அந்தப் பெட்டை இறக்காமத்தில் இருந்தாள். கடலில் எல்லாரையும் இழந்த பிள்ளை என்று அங்கே சொல்லி வைத்திருந்தார்கள். வயலுக்குச் சோறு கொண்டுபோவாள். யானை வருகிற காலத்தில் மற்றப் பெண்களோடு சேர்ந்து தகரம் தட்டுவாள். சண்டை முடிந்ததென்று வீதியில் வெடி கொளுத்திய அன்று ராத்தா, “மறுகா அவள் தாயிட்டப் போகலாம்தானே” என்றா. ஆனாலும் உடனே அனுப்பவில்லை. சரணடைந்தவர்களையும், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களையும்கூடக் கொண்டுபோகிறார்கள் என்று கதை வந்துகொண்டிருந்தது. அது அடங்கிய பிறகுதான் தாய்க்காரி வந்தா. வந்தவ, மகளின் முந்தானையைக் கண்டதும் முதலில் கேட்டது, “இவளச் சமயம் மாத்திட்டீங்களா?” என்பதுதானாம்.

“அவ சாமிக்கு விளக்கு வைக்க இடமில்லாம இரிந்தா, அவ்வளவுதான் எண்டு சொன்னன்,” என்றா ராத்தா. அந்தக் கேள்வி அவவைச் சுட்டுவிட்டது. பிறகு கனகாலம் அந்தத் தாயின் பேரை எடுக்கவில்லை.

நான் அவளைத் திரும்பக் கண்டது கல்முனைச் சந்தையில். கலியாணம் முடித்து, என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். மீன் பலகைக்குப் பின்னால் தாயும் மகளும் நின்றார்கள். தலைமயிரை நீளமாய் வளர்த்துப் பின்னியிருந்தாள். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டாள்.

“டீச்சர், இன்னும் புள்ளைகளோட பூச்சி பார்க்கிறீங்களா?”

ஓம் என்றேன். அவள் மீனைச் செதில் சீவிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை இருந்ததாம். அதால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். “முதல் நாள் தூரத்தில நிண்டீங்க. மற்ற நாள் கிணத்தடிக்கு வந்தீங்க. நிலத்தையே பார்த்திட்டு வாறீங்க, நிமிரவே இல்ல. காலடித் தடம் பார்க்கிறாங்க, என்னத்தான் தேடுறாங்க எண்டு நினைச்சன். ஆமியவிட உங்களப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.”

நான் மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“அறைக்குள்ள ஒரு குளவி இரிந்திச்சி,” என்றாள். “கூரை வளையில மண் உருட்டிக் கூடு கட்டும். பச்சைப் புழு ஒண்டக் கொண்டுவந்து உள்ளுக்கு வெச்சு மூடும். நாள் முழுக்க அதைத்தான் பார்த்திட்டு இரிப்பன். நீங்க வாற நேரம் அதுட சத்தம் கேட்டிரும் எண்டு அதையும் கொல்ல நினைச்சன்.”

“கொன்னீங்களா?”

“இல்ல. அது போனா பிறகு நான் ஆரப் பார்க்கிற?”

தாய்க்காரி அதுவரை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. மகளின் கையிலிருந்து மீனை வாங்கினா, பையில் போட்டு என்னிடம் நீட்டினா. பக்கத்துப் பலகையில் நிற்கிறவனை ஒரு தரம், வீதியை ஒரு தரம் பார்த்தா.

“காணும் கதை,” என்றா மகளிடம். “ஆக்கள் நிக்கிறாங்க. ஆருட காதில விழும் எண்டு தெரியா.”

நான் பையை வாங்கிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். சந்தை வாசல் வரை அந்தப் பொம்பிளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.